மூளைப் படம் இருக்கட்டும், முந்தாநாள் பாடத்தைக் கேளுங்கள்

நடுநிலைப் பள்ளியில் ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்கும் அறிவியலும் நடத்தும் ஆசிரியை ஒருவரின் கேள்வி இது. பணியிடைப் பயிற்சிக்கு வந்த கருத்தாளர், பிள்ளைகளை இடது மூளைக்காரர், வலது மூளைக்காரர் என்று பிரித்துக் காட்டியிருக்கிறார். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பட்டியல் போடச் சொல்லியிருக்கிறார். காலையில் தோப்புக்கரணம் போட்டால் நியூரான்கள் விழித்துக்கொள்ளும் என்றும் சொல்லியிருக்கிறார். "இதில் எது உண்மை? என் வகுப்பில் 42 பிள்ளைகள், பாடவேளை 40 நிமிடம். மூளை அறிவியலை வைத்துத் திங்கட்கிழமை காலையில் நான் என்னதான் செய்ய முடியும்?" என்று கேட்கிறார்.

அம்மா, கடைசியில் கேட்டதுதான் நல்ல கேள்வி. அதற்கு விரிவாகப் பதில் சொல்கிறேன். முதல் பகுதியைச் சுருக்கமாக முடித்துவிடலாம், ஏனென்றால் நீங்கள் கேட்டுவந்தவற்றில் பெரும்பாலானவை மூளை அறிவியலே கிடையாது.

இடமூளை, வலமூளைக் கதைக்கு ஒரு நிஜமான வேர் உண்டு. கடுமையான வலிப்பு நோயைக் கட்டுப்படுத்த, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றையைச் சிலருக்கு அறுத்தார்கள். அந்த நோயாளிகளை ஆராய்ந்த ரோஜர் ஸ்பெரி, இரு பாதிகளும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை என்று காட்டி 1981இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் உங்கள் வகுப்பில் இருப்பவர்களுக்கு அந்தக் கற்றை அறுபடவில்லை. கணக்குப் போடும்போதும் படம் வரையும்போதும் இரு பாதிகளும் சேர்ந்தே உழைக்கின்றன. "இவன் வலமூளைக்காரன், கணக்கு வராது" என்று சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அப்படிச் சொன்னபின் அந்தப் பையன் கணக்கு நோட்டைத் திறப்பானா என்பது வேறு விஷயம்.

கற்றல் பாணிகள் விஷயத்தில் நானே குற்றவாளி. பணியில் சேர்ந்த புதிதில் ஒரு முழுப் பருவம் வகுப்பை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரே பாடத்துக்கு மூன்று விதமான துணைக்கருவிகள் செய்தேன். அட்டைக்கும் பசைக்கும் ஆன செலவைத் தவிர வேறு எந்த விளைவும் கண்ணில் படவில்லை. பிற்பாடுதான் தெரிந்தது, ஹெரால்ட் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் 2008இல் இந்த ஆய்வுகளையெல்லாம் தோண்டிப் பார்த்து, பாணிக்கேற்பக் கற்பித்தால் கற்றல் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதிவிட்டார்கள் என்பது. பிள்ளைகளுக்கு விருப்பங்கள் உண்டு, அது உண்மை. ஆனால் எதைப் படம் போட்டுச் சொல்வது, எதை வாயால் சொல்வது என்பதைத் தீர்மானிப்பது பாடப்பொருள்தான். இந்திய வரைபடத்தைக் காதால் கற்க முடியாது. லகர, ளகர, ழகர வேறுபாட்டைக் கண்ணால் மட்டும் கற்க முடியாது.

ஒரு விசித்திரத்தை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். 2012இல் பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் 242 ஆசிரியர்களிடம் இப்படிப்பட்ட மூளைக் கட்டுக்கதைகளைக் கொடுத்துக் கேட்டபோது, அவர்கள் சராசரியாகப் பாதிக் கதைகளை நம்பினார்கள். மூளையைப் பற்றிப் பொதுவாக அதிகம் தெரிந்து வைத்திருந்தவர்கள்தான் கட்டுக்கதைகளையும் அதிகம் நம்பினார்கள். இதற்கு இணையாக 2008இல் வேறொரு ஆய்வு: ஒரு மோசமான விளக்கத்தோடு, சம்பந்தமே இல்லாத மூளைத் தகவல் ஒன்றை ஒட்டவைத்தால், நிபுணர் அல்லாதவர்களுக்கு அந்த விளக்கம் திடீரென்று நல்ல விளக்கமாகத் தெரிந்தது. வண்ண வண்ணமாக ஒளிரும் மூளைப் படத்துக்கு அப்படி ஒரு வசியம் இருக்கிறது. 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், இசை கேட்டால் குழந்தையின் அறிவு வளரும் என்று நம்பி, பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் செவ்வியல் இசைத்தட்டு வழங்கப் பணம் ஒதுக்கும்படி கேட்டார். அதற்கு அடிப்படையாக இருந்தது 1993ஆம் ஆண்டின் சிறிய ஆய்வு ஒன்று. அது கல்லூரி மாணவர்களிடம் செய்யப்பட்டது, அதில் கண்ட பலனும் கால் மணி நேரத்துக்குள் கரைந்துபோனது. தோப்புக்கரணம் நல்ல உடற்பயிற்சிதான், தாராளமாகப் போடச் சொல்லுங்கள். பின்னக் கணக்கு அதனால் வராது.

இனி உங்கள் நல்ல கேள்விக்கு வருகிறேன்.

1997இல் ஜான் புரூயர் என்ற அறிஞர், மூளை அறிவியலிலிருந்து வகுப்பறைக்கு நேரடியாகப் பாலம் போடும் முயற்சி எட்டாத தூரம் என்று ஒரு கட்டுரை எழுதினார். நியூரான் என்ன செய்கிறது என்று தெரிந்துவிட்டதால் விகிதசமத்தை எப்படி நடத்துவது என்று தெரிந்துவிடாது. ஆனால் நடுவில் ஒரு திட்டு இருக்கிறது என்று அவரே சுட்டிக்காட்டினார். நினைவு, கவனம், புரிதல் ஆகியவை எப்படி இயங்குகின்றன என்று ஆராயும் உளவியல்தான் அந்தத் திட்டு. மூளையிலிருந்து அதற்கு ஒரு பாலம், அதிலிருந்து வகுப்பறைக்கு இன்னொரு பாலம். கால் நூற்றாண்டுக்கும் மேலாகிவிட்டது, இன்றும் என் கருத்து அதுதான். ஆகவே நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி நினைவின் உளவியல். மூளை ஆய்வு அதற்கு ஏன் என்று விளக்கம் தருகிறது, ஓரிரு இடங்களில் மட்டும் நேரடியாக வழிகாட்டுகிறது.

ஒரே ஒரு செயலைத்தான் நீங்கள் எடுத்துக்கொள்ள முடியும் என்றால், நான் பரிந்துரைப்பது இது: பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததைத் தங்கள் மண்டையிலிருந்து வெளியே எடுக்கும் தருணங்களைப் பெருக்குங்கள்.

கேட்க மிகச் சாதாரணமாக இருக்கிறது, தெரியும். 2006இல் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் செய்த சோதனையைப் பாருங்கள். மாணவர்களுக்குச் சிறிய அறிவியல் பத்தி ஒன்று. ஒரு குழு நான்கு முறை உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு முதல்முறை மட்டும் படித்தது. அடுத்த மூன்று முறையும் வெற்றுத் தாளை எடுத்து நினைவிலிருப்பதை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்துக்கொண்டே இருந்த குழு முந்தியது: 83 விழுக்காடு, மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்கள் 40க்கு விழுந்துவிட்டார்கள்; எழுதிப் பார்த்தவர்கள் 61இல் நின்றார்கள்.

இந்த நான்கு எண்களில் ஆசிரியர்களின் ஆயுட்காலத் துயரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. நாம் பாடம் நடத்துகிறோம், முடிவில் கேட்கிறோம், பிள்ளைகள் பளிச்சென்று சொல்கிறார்கள். அதுதான் அந்த 83. அதைப் பார்த்து மகிழ்ந்து அடுத்த பாடத்துக்குப் போகிறோம். காலாண்டுத் தேர்வில் அதே பிள்ளைகள் விழிக்கிறார்கள். "சொல்லிக் கொடுத்தேனே, அன்றைக்குச் சொன்னார்களே" என்று ஆசிரியர் அறையில் புலம்புகிறோம். அன்றைக்குச் சொன்னது உண்மை. அன்றைக்கு இருந்தது நினைவின் மேல்பரப்பில் மிதந்த ஈரம், அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்கும் இதே ஏமாற்றம். ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று அந்த மாணவர்களையே மதிப்பிடச் சொன்னபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்குத்தான் நம்பிக்கை மிகுதியாக இருந்தது. கண் பழகிய வரியை, தெரிந்த வரி என்று மனம் எடுத்துக்கொள்கிறது. "எல்லாம் படிச்சேன் மிஸ், பரீட்சையில மறந்துடுச்சு" என்று அழும் பிள்ளை பொய் சொல்லவில்லை. அவள் படித்தாள், ஆனால் ஒருமுறைகூட எடுத்துப் பார்க்கவில்லை.

இது கல்லூரிச் சோதனைக்கூடத்தில் மட்டும் நடந்த கதையும் கிடையாது. 1939இலேயே அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் 3,605 ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஹெர்பர்ட் ஸ்பிட்சர் இதைச் செய்து பார்த்தார். படித்த உடனே ஒரு சிறு தேர்வை எழுதியவர்கள் வாரங்கள் கழித்தும் அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். இல்லினாய் மாநிலத்தின் நடுநிலைப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு அறிவியல் பாடத்திலும் அதே முடிவு கிடைத்து 2011இல் வெளியானது. ஒரே ஆசிரியர், ஒரே பாடம். சிறு வினாக்களில் வந்த பகுதிகள் மட்டும் அலகுத் தேர்வில் தெளிவாக முந்தின.

மூளைக்குள் என்ன நடக்கிறது? புதிய அனுபவத்தை முதலில் பற்றிக்கொள்வதில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்குப் பெரும் பங்கு. 1953இல் வலிப்பு நோய்க்கான அறுவை சிகிச்சையில் அந்தப் பகுதியை இழந்த ஹென்றி மொலைசன் என்பவரால், 2008இல் இறக்கும்வரை புதிதாகச் சந்தித்த ஒருவரைக்கூட நினைவில் வைத்திருக்க முடியவில்லை. ஆனால் பழைய நினைவுகள் பல இருந்தன. அப்படியென்றால் நாள்பட்ட நினைவு வேறெங்கோ, பெருமூளைப் புறணியில் பரவலாக, மெல்ல மெல்ல ஊன்றுகிறது. அந்த ஊன்றலுக்குக் காலம் வேண்டும், மீண்டும் மீண்டும் தூண்டலும் வேண்டும். ஒரு நினைவை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அதோடு தொடர்புள்ள நரம்பு இணைப்புகள் மறுபடி இயங்குகின்றன. காட்டில் ஒற்றையடிப் பாதையை உண்டாக்குவது நடக்கும் கால்கள். வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் பாதை உண்டாகாது.

சரி, 42 பேர் வகுப்பில் எப்படிச் செய்வது? நான் பல வருடம் செய்த முறையைச் சொல்கிறேன். வகுப்பில் நுழைந்ததும் கரும்பலகையில் நான்கு வினாக்கள். முதலிரண்டு நேற்றைய பாடத்திலிருந்து, ஒன்று போன வாரத்திலிருந்து, ஒன்று போன மாதத்திலிருந்து. புத்தகம், நோட்டு எல்லாம் மூடியிருக்க வேண்டும். ரஃப் நோட்டில் எழுதுவார்கள், நான்கு நிமிடம். அதற்குள் நீங்கள் வருகைப்பதிவை முடித்துவிடலாம். பிறகு விடைகளைச் சொல்லுங்கள்; அவரவர் விடையை அவரவரே வேறு நிற மையில் திருத்திக்கொள்ளட்டும். மதிப்பெண் கிடையாது, பதிவேடு கிடையாது, பெற்றோர் கையெழுத்து கிடையாது. இந்த மூன்றும் இல்லாமல் இருப்பது மிக முக்கியம். மதிப்பெண் வந்தால் பக்கத்துப் பெஞ்சைப் பார்த்து எழுதுவார்கள். பார்த்து எழுதினால் எடுத்துப் பார்க்கும் பயன் போய்விடும்.

ஒருவரை எழுப்பிக் கேள்வி கேட்பது இதற்கு ஈடாகாது. அப்போது ஒரு தலை மட்டும் தேடுகிறது, மற்ற 41 தலைகளும் "நல்லவேளை நான் இல்லை" என்று ஓய்வெடுக்கின்றன. கேட்க வேண்டுமென்றால் கேள்வியை முதலில் சொல்லி, ஐந்து விநாடி சும்மா நின்று, பிறகு பெயரைச் சொல்லுங்கள். அந்த ஐந்து விநாடி மௌனம் ஆசிரியர்களுக்குத்தான் கடினம். நமக்கு வாய் நிற்காது.

வினா எப்படி இருக்க வேண்டும்? கோடிட்ட இடம் நிரப்புவதைவிட "ஏன்", "எதனால்" என்று ஆரம்பிப்பவை நல்லவை. "ஒளிச்சேர்க்கை என்றால் என்ன" என்பதற்குப் புத்தக வரியை ஒப்பிக்கலாம். "ஒரு செடியை இரண்டு நாள் இருட்டறையில் வைத்து, பிறகு இலையில் அயோடின் சோதனை செய்தால் என்ன தெரியும், ஏன்" என்று கேட்டால் ஒப்பிக்க வரி இல்லை, உள்ளேயிருந்து கட்டித்தான் எடுக்க வேண்டும். தவறாக எழுதினால் பரவாயில்லை, உடனே சரியான விடை கிடைத்தால் போதும். தேடித் தவறி, பிறகு கண்டுபிடித்த விடை நன்றாகவே ஒட்டிக்கொள்கிறது.

"இது நம் பழைய மனப்பாடம்தானே?" என்று யாராவது கேட்பார்கள். பாதி ஆமாம். நம் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை நாள்தோறும் சட்டாம்பிள்ளையிடம் ஒப்பித்தார்கள். பார்க்காமல் சொன்னார்கள், நாள் விட்டு நாள் சொன்னார்கள். இன்றைய ஆய்வு மெச்சுவது இந்த இரண்டையும்தான். அவர்களிடம் இல்லாதது வேறு. மேலிருந்து கீழாக ஒப்பித்த வாய்ப்பாட்டில், நடுவில் ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் ஓரேழு ஏழிலிருந்து ஓடி வர வேண்டியிருக்கும். வரிசையே நினைவின் கயிறாகிவிடுகிறது. எந்தப் பக்கத்திலிருந்து கேட்டாலும் எடுக்க வருகிறதா என்பதுதான் சோதனை. ஆகவே மனப்பாடத்தைத் திட்டும் நவீனர்களோடும் எனக்கு உடன்பாடில்லை, ஒப்புவித்தலோடு திருப்தியடையும் பழையவர்களோடும் இல்லை.

அந்த நான்கு வினாக்களில் ஒன்று ஏன் போன மாதத்திலிருந்து என்று கேட்டிருப்பீர்கள். ஜெர்மானியரான எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன் மறதியைத் தானே அளந்து 1885இல் வெளியிட்டார். மறதி முதலில் செங்குத்தாக விழுந்து பிறகு மெல்லச் சரிகிறது. ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளி விட்டுப் படிப்பது குறைந்த உழைப்பில் நிற்கிறது. இவ்வளவு பழைய, இவ்வளவு உறுதியான முடிவு உளவியலில் குறைவு. ஒரு வாரம் நினைவிருக்க வேண்டுமானால் ஓரிரு நாள் இடைவெளி போதும். ஒரு வருடம் நிற்க வேண்டுமானால் மூன்று, நான்கு வாரம் கழித்துத் திரும்பிப் பார்ப்பது நல்லது என்பது 2008இல் வெளியான ஒரு பெரிய ஆய்விலிருந்து கிடைக்கும் கணக்கு. கொஞ்சம் மறந்தபின் எடுக்கும்போதுதான் உழைப்பு இருக்கிறது. கற்றலுக்கு உதவும் இப்படிப்பட்ட சிரமங்களை, வேண்டத்தக்க சிரமங்கள் என்று ராபர்ட் பியார்க் அழைத்தார்.

கணக்கு ஆசிரியராக உங்களுக்கு இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. கணக்குப் புத்தகப் பயிற்சியைப் பாருங்கள். தனிவட்டிப் பாடத்தின் முடிவில் பத்துப் பதினைந்து கணக்குகள், எல்லாம் தனிவட்டி. பிள்ளை கணக்கைப் படிக்கவே தேவையில்லை. மூன்று எண்களைப் பொறுக்கி, பெருக்கி, நூறால் வகுத்தால் விடை. எல்லோரும் நூற்றுக்கு நூறு. தேர்வில் இலாப நட்டம், விகிதம், தனிவட்டி எல்லாம் கலந்து வரும்போது எந்தக் கருவியை எடுப்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள். கருவியைத் தேர்ந்தெடுக்கும் பயிற்சியை நாம் கொடுக்கவே இல்லை.

டக் ரோரர் என்ற உளவியலாளரும் அவர் குழுவும் ஃப்ளோரிடாவில் 54 ஏழாம் வகுப்புகளில் இதைச் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். நான்கு மாதம் பாதி வகுப்புகளுக்கு ஒரேவகைக் கணக்குகள் சேர்ந்து வரும் தாள்கள், பாதி வகுப்புகளுக்கு வகைகள் கலந்த தாள்கள். பிறகு இருவருக்கும் ஒரே மீள்பார்வை. ஒரு மாதம் கழித்து முன்னறிவிப்பு இல்லாமல் தேர்வு. ஒரேவகையாகப் பழகியவர்கள் 38 விழுக்காடு, கலந்து பழகியவர்கள் 61. கல்வி ஆய்வில் இவ்வளவு பெரிய வித்தியாசம் அபூர்வம். இதற்காகக் கூடுதல் பாடவேளையோ புதிய புத்தகமோ தேவைப்படவில்லை. கணக்குகளின் வரிசை மட்டும் மாறியது.

வீட்டுப்பாடத்தில் இதைச் செய்யலாம். இன்றைய பாடத்திலிருந்து மூன்று கணக்கு, பழைய பாடங்களிலிருந்து நான்கு, குலுக்கிப் போட்டு. இன்றைய பாடத்தில் மிஞ்சிய கணக்குகள் வீணாகாது. அடுத்த ஆறு வாரங்களுக்குத் தூவிவிடுங்கள். எச்சரிக்கை ஒன்று: புத்தம்புதிய முறையை முதல்நாள் கற்கும்போதே கலக்காதீர்கள். முதலில் ஒரேவகையில் நாலைந்து போட்டுக் கை பழகட்டும்.

ஏன் அப்படி என்பதற்குச் செயல்நினைவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் மனத்தில் ஏந்தி வைத்துக்கொண்டு வேலை செய்யும் இடம் அது. ஏழு பொருள் கொள்ளும் என்று ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதினார். நெல்சன் கோவன் 2001இல் நாலுதான் இருக்கும் என்று குறைத்தார். நீண்டகால நினைவு கடல் என்றால் இது கைப்பிடி. புதிய கணக்கு ஒன்றில் ஆறு புதிய விஷயங்கள் இருந்தால் இரண்டு சிந்திவிடும்; பிள்ளை கவனக்குறைவு என்று நாம் திட்டுவோம். எட்டேழு ஐம்பத்தாறு என்று தானாக வரும் பிள்ளைக்கு அந்தக் கைப்பிடியில் இடம் மிச்சம். விரல் விட்டு எண்ணும் பிள்ளைக்கு இடமே இல்லை. வாய்ப்பாடு தெரிய வேண்டும் என்பதற்கு நான் சொல்லும் காரணம் இதுதான்.

ஆஸ்திரேலியாவின் ஜான் ஸ்வெல்லர் இதிலிருந்து ஒரு நடைமுறையை எடுத்தார். தொடக்க நிலையில் இருப்பவருக்குக் கணக்கைக் கொடுத்துத் தவிக்கவிடுவதைவிட, படிப்படியாகச் செய்து முடித்த கணக்கைக் கொடுத்து ஆராயச் சொல்வது மேல். பிறகு கடைசிப் படியை மட்டும் விட்டுவிடுங்கள், அடுத்து இரண்டு படியை. கைதேர்ந்தவர்களுக்கு இதே முறை சலிப்பூட்டும், பலனும் தலைகீழாகும். வகுப்பில் இரண்டு வகையினரும் இருப்பார்கள் என்பதால் இங்கே சூத்திரம் எதுவும் செல்லாது, உங்கள் கண்தான் வேண்டும்.

இதில் நாம் எல்லோரும் செய்யும் ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். கரும்பலகையைப் பார்த்துப் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கும்போதே நாம் விளக்கிக்கொண்டிருப்போம். எழுதும் மனம் கேட்காது. நிறுத்திவிட்டுப் பேசுங்கள், அல்லது பேசி முடித்துவிட்டு எழுதவிடுங்கள்.

மூளைப் படங்கள் நேரடியாக வழிகாட்டிய இடங்கள் ஓரிரண்டு என்றேன். அவற்றில் முதன்மையானது வாசிப்பு. உங்கள் ஏழாம் வகுப்பில் எழுத்துக்கூட்டித் திணறும் பிள்ளைகள் நிச்சயம் இருப்பார்கள், ஆகவே இது உங்களுக்கும்தான். பேச்சுக்கு மனித மூளை ஆயத்தமாகப் பிறக்கிறது. எழுத்துக்கு அப்படி இல்லை. எழுத்து வந்து சில ஆயிரம் ஆண்டுகளே ஆகின்றன. பிரான்சின் ஸ்டானிஸ்லாஸ் டெஹானும் குழுவினரும் பிரேசில், போர்ச்சுகல் நாடுகளில் எழுத்தறியாதவர்கள், வளர்ந்தபின் எழுத்தறிந்தவர்கள், சிறுவயதிலேயே பள்ளி சென்றவர்கள் என 63 பேரின் மூளையை ஒப்பிட்டு 2010இல் வெளியிட்டார்கள். வாசிக்கக் கற்றதும் மூளையின் இடப்பக்கப் பின்புறத்தில், முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணும் பரப்பின் ஒரு துண்டு, எழுத்துக்காக ஒதுக்கப்படுகிறது. வளர்ந்தபின் கற்றவர்களுக்கும் இது நடக்கிறது என்பதை முதியோர் கல்வியில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

அந்தத் துண்டு சொல்லை முழுப் படமாக விழுங்குவதில்லை, எழுத்தையும் ஒலியையும் இணைத்துத்தான் பழகுகிறது. 2015இல் வெளியான ஒரு ஆய்வில், புதிதாக உருவாக்கிய எழுத்துமுறை ஒன்றைப் பெரியவர்களுக்குக் கற்பித்தார்கள். எழுத்துக்கு ஒலி என்று கவனிக்கச் சொன்னபோது, தேர்ந்த வாசகருக்கு இயங்கும் இடப்பக்க வலை இயங்கியது. முழுச்சொல்லாகப் பார்க்கச் சொன்னபோது வலப்பக்கம் இயங்கியது. ஒரே எழுத்துமுறை, கற்பித்த விதம் வேறு, அவ்வளவுதான். சொல்லட்டையைக் காட்டி "யானை", "யானை" என்று பத்து முறை சொல்லவைத்தால் பிள்ளை படத்தைத்தான் கற்கும். தமிழுக்கு இது இன்னும் பொருந்தும். 247 எழுத்து என்று அஞ்சுகிறோம். 18 மெய், 12 உயிர், அவை கூடும் விதம் என்று அடையாளக் குறிகளோடு கற்பித்தால் சுமை பெருமளவு இறங்கிவிடும். ஆங்கிலத்தில் பிள்ளைகள் பி (b), டி (d) ஆகிய சிறிய எழுத்துகளை இடம் வலம் மாற்றி எழுதுவதற்கும் இங்கே விளக்கம் உண்டு. ஒரு பூனை இடப்பக்கம் பார்த்தாலும் வலப்பக்கம் பார்த்தாலும் பூனைதான் என்று பழகிய மூளைப் பரப்பு அது. எழுத்துக்கு அந்தப் பழக்கத்தை அது மறக்க வேண்டியிருக்கிறது. சோம்பேறித்தனம் என்று தலையில் குட்டாதீர்கள்.

இன்னொன்று, என் மனத்துக்கு மிகப் பிடித்தது. 2012இல் இந்தியானா பல்கலைக்கழகத்தின் கரின் ஜேம்ஸ், இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளை எழுத்துகளைக் கையால் எழுதவும், புள்ளிக்கோட்டின்மேல் வரையவும், விசைப்பலகையில் தட்டவும் வைத்து மூளையைப் படமெடுத்தார். கையால் தானாக எழுதிய எழுத்தைப் பார்க்கும்போதுதான் வாசிப்பு வலை நன்றாக இயங்கியது. சிறிய ஆய்வுதான், இதை வைத்துக் கோட்டை கட்டக் கூடாது. ஆனால் புள்ளி வைத்த எழுத்து நோட்டுகளை வாங்கிக் குவிக்கும் பள்ளிகள் ஒரு நிமிடம் யோசிக்கலாம். 1789 வாக்கில் சென்னை எழும்பூர் அனாதைச் சிறுவர் விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு தன் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் முறையோடு சேர்த்து 1797இல் நூலாக்கினார். இங்கிலாந்து அதை மெட்ராஸ் முறை என்று பின்பற்றியது. மணலில் புள்ளிக்கோடு கிடையாது.

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பகலில் கற்றது உறக்கத்தில் மீண்டும் இயக்கப்பட்டு ஊன்றுகிறது என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. பருவ வயதில் உடலின் கடிகாரமே பின்தள்ளிப் போகிறது. 2016இல் சியாட்டில் நகரம் உயர்நிலைப் பள்ளித் தொடக்கத்தைக் காலை 7.50இலிருந்து 8.45க்கு மாற்றியபோது மாணவர்கள் நாளொன்றுக்கு 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள். இன்னும் நேரம் கழித்துப் படுத்து அதை வீணாக்கவில்லை. நம் ஊரில் பத்தாம் வகுப்புக்குக் காலை ஏழு மணிச் சிறப்பு வகுப்பு வைத்துவிட்டு, இரவு பதினொன்று வரை படிக்கச் சொல்கிறோம். பள்ளி நேரத்தை மாற்றுவது உங்கள் கையில் இல்லை. தேர்வுக்கு முந்தைய இரவு விழித்திருக்காதே என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்வது உங்கள் கையில் இருக்கிறது.

மூளை உடல் எடையில் சுமார் 2 விழுக்காடு, ஆனால் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது என்ற தகவலைப் பயிற்சியில் காட்டியிருப்பார்கள். அதிலிருந்து வகுப்புக்குக் கிடைக்கும் ஒரே செய்தி, பிள்ளை காலையில் சாப்பிட்டுவிட்டு வந்ததா என்று கேளுங்கள் என்பதுதான்.

பயத்தைப் பற்றியும் கேட்டிருக்கலாம் நீங்கள். கடும் பதற்றத்தில் நினைவிலிருந்து எடுப்பது தடுமாறும், எல்லோருக்கும் அனுபவம். 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனையில் மாணவர்களைப் பதற்றத்துக்கு உள்ளாக்கிவிட்டு, படித்ததை எழுதச் சொன்னார்கள். வாசித்து வாசித்துப் படித்தவர்களின் நினைவு சரிந்தது, எடுத்துப் பார்த்துப் பயின்றவர்களின் நினைவு சரியவில்லை. ஆக, மதிப்பெண் இல்லாத அந்த நான்கு வினாக்கள், மதிப்பெண் உள்ள தேர்வுக்குக் கவசமும் ஆகின்றன.

இவை எல்லாம் எதைச் செய்யாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். புரியாத பாடத்தை எத்தனை முறை எடுத்துப் பார்த்தாலும் புரிந்துவிடாது, எடுப்பதற்கு உள்ளே ஏதாவது இருக்க வேண்டும். மேற்சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில், நம்மைவிட வசதியான வகுப்புகளில் நடந்தவை. நினைவு இயங்கும் விதம் ஊருக்கு ஊர் மாறும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் 42 பேரில் 10 பேருக்கு வாசிக்கவே வராத வகுப்பில் கரும்பலகை வினாவை முதலில் உரக்கப் படிக்க வேண்டும், சிலருக்கு வாய்மொழி விடை போதும் என்று விட வேண்டும். இவற்றை எந்த ஆய்வுக் கட்டுரையும் உங்களுக்குச் சொல்லாது.

திங்கட்கிழமைக்கு வருகிறேன். எல்லா வகுப்பிலும் ஆரம்பிக்காதீர்கள். ஏழாம் வகுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு நான்கு வினாக்களைத் தொடங்குங்கள். முதல் இரண்டு வாரம் பிள்ளைகளுக்குப் பிடிக்காது. போன மாதத்து வினாவுக்கு வெற்றிடம்தான் வரும், நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். ஏன் இதைச் செய்கிறோம் என்று அவர்களிடமே சொல்லிவிடுங்கள். 83, 71, 40, 61 ஆகிய நான்கு எண்களைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கே புரியும். மூன்றாவது வாரத்தில் வீட்டுப்பாடக் கணக்குகளைக் கலக்கத் தொடங்குங்கள். ஒரு மாதம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல், முதல் வாரப் பாடத்திலிருந்து பத்து வினாக்கள் கொடுத்துப் பாருங்கள். பழைய முறையில் நடத்திய ஒரு பாடத்திலிருந்தும் பத்து வினாக்கள் சேர்த்துவிடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு தாளில் குறித்து வையுங்கள். தலைமையாசிரியர் வகுப்புக்கு வந்து, "நோட்ஸ் கொடுக்காமல் தினமும் பத்து நிமிடம் எதையோ எழுதவைக்கிறீர்களே" என்று கேட்கும்போது காட்டுவதற்கு அந்தத் தாள் உதவும்.